உரசும் பக்கம்

ஞாபகசக்தி மூளையில் இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் சொல்லுகின்றன. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டுவிட மாட்டார்கள். தீப்பெட்டிக் கூடு ஒட்டுவது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு நடந்த காலத்தில், திண்ணையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பாட்டி தன் மருமகளைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விஸ்தாரமாகக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். கண் தெருவில் போகிற ஆட்டுக்குட்டியின் மேல் இருக்கும். கை மட்டும் தன் பாட்டுக்கு மடித்து, பசை தடவி, ஒட்டி, கூடையில் எறிந்துகொண்டே இருக்கும். ஒரு கூடுகூடக் கோணியிருக்காது. அந்த ஞாபகம் பாட்டியின் மூளையில் இருந்ததா, விரலில் இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் அல்ல. என் ஓட்டு விரலுக்குத்தான்.

அப்படிப்பட்ட விரல்கள் செய்த பண்டம் என்பதாலோ என்னவோ, தீப்பெட்டியும் வாங்குகிறவனுடைய விரலுக்கு மரியாதை கொடுத்து வந்திருக்கிறது. மேலே ஒட்டுகிற லேபிளில் மயில் இருக்கலாம்; யானை இருக்கலாம்; ரோஜாப்பூ இருக்கலாம். எத்தனையோ விதமான லேபிள்கள் எங்கள் ஊர்களிலிருந்து புறப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சேகரித்து ஆல்பத்தில் ஒட்டி வைக்கிற ரசிகர்களும் உண்டு. ஆனால், உரசுகிற மருந்து எப்போதும் பக்கவாட்டில்தான். கட்டைவிரலால் தள்ளினால் உள்பெட்டி நகரும். மின்சாரம் போன இருட்டில் அடுக்களை அலமாரியைத் துழாவி எடுத்த பெட்டி எந்தக் கம்பெனியுடையது என்று யாரும் விசாரிப்பதில்லை. கை உரசுகிறது, விளக்கு எரிகிறது.

பட்டாசுக்கும் இதே தர்மம்தான். எந்தப் பெயர் போட்ட வெடியானாலும் திரி வெளியே நீட்டிக்கொண்டு, 'இங்கேதான் வைக்க வேண்டும்' என்று சொல்லும். கம்பி மத்தாப்பில் மருந்து பூசாத நுனிதான் கைப்பிடி. 'மற்றவர்களைப் போல நானும் செய்ய வேண்டுமா? என் மத்தாப்பை மருந்துள்ள பக்கத்தில் பிடித்து, வெறுங்கம்பியில் பற்ற வையுங்கள்' என்று ஒரு முதலாளி புதுமை செய்யக் கிளம்பினால், தீபாவளிக்கு மறுநாள் ஊரே அவரைத் தேடிக்கொண்டு வரும்.

நிற்க. நான் சொல்ல வந்தது தீப்பெட்டியைப் பற்றியும் மத்தாப்பைப் பற்றியும் அல்ல, கம்ப்யூட்டரைப் பற்றி. தொழில் நடத்துகிறவர்கள் எல்லோரும் அறிந்த இந்தச் சின்ன விஷயம், கம்ப்யூட்டரில் ஓடுகிற மென்பொருள்களைச் செய்கிறவர்களுக்கு ஏன் சரியாகப் பிடிபடவில்லை என்பதுதான் என் ஆச்சரியம்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சாபீஸ் வந்தது. லேபிள் அடித்த அச்சாபீஸ் பிறகு காலண்டர் அடித்தது, டைரி அடித்தது, நோட்டுப் புத்தகம் அடித்தது, கல்யாணப் பத்திரிகை அடித்தது. இன்று ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் பூஜை போட்டு, வரப்போகும் வருஷத்தின் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். அன்றைக்கு ஆரம்பிக்கிற ஓட்டம் மார்கழி வரையில் நிற்பதில்லை.

அந்தக் காலத்து அச்சாபீஸில் கம்பாசிட்டர் என்று ஒருவர் இருந்தார். ஈய எழுத்துகள் நிறைந்த மரக் 'கேஸ்' அவர் முன்னால் சாய்வாக இருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட அறைகள். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை அறையறையாகப் போய் எழுத்தைப் பொறுக்கி ஸ்டிக்கில் கோத்துக்கொண்டிருக்கும். இந்த வித்தை கைவரப் பல வருஷங்கள் ஆகும். கைவந்த பிறகு அதுதான் அவருடைய சொத்து. வேறு நிலமோ வீடோ அவருக்குக் கிடையாது. 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டபோது சில அறைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால், அது ஊரறிய ஆணை போட்டுச் செய்த மாறுதல். மற்ற எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பிறகு தட்டெழுத்து. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா என்பவர் தமிழுக்குத் தட்டெழுத்து இயந்திரம் அமைப்பதில் முன்னோடியாக இருந்தவர். அந்த இயந்திரத்தில் 'கெ' என்று அடிக்க வேண்டுமானால் கொம்பை முதலில் தட்டி, பிறகு 'க'வைத் தட்ட வேண்டும். காகிதத்தில் எது முன்னால் வருகிறதோ அது முன்னால். நம் ஊர்த் தெருக்களில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் இந்த வரிசையை விரலில் ஏற்றிக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டர் வந்தது, கூடவே குழப்பமும் வந்தது. எழுத்துருக் கம்பெனி ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டது. பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கில அடையாளங்கள் நிற்கும். பெற்ற தாயை இப்படி அடையாளம் தெரியாமல் செய்துவிடக்கூடிய விஞ்ஞானம் வேறு எதுவும் உண்டா என்று தெரியவில்லை. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' என்ற விசைப்பலகை அரசின் அங்கீகாரம் பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் வலக்கைக்கு என்று ஒழுங்கான ஏற்பாடு. இதில் 'கெ' வேண்டுமானால் 'க'வை முதலில் தட்டி, பிறகு 'எ'யைத் தட்ட வேண்டும். தட்டெழுத்துக்கு நேர் தலைகீழ். 2010-ல் யூனிகோடையும் அரசு ஏற்றுக்கொண்டது. இவையெல்லாம் நல்ல காரியங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒவ்வொரு தடவையும் விரல்கள் புதிதாகப் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது, போயின. காரணம் சொல்லி மாற்றினால் விரல் கற்றுக்கொள்ளும். காரணம் இல்லாமல், சொல்லாமல், ஒரே மேஜையில் இடத்துக்கு இடம் மாறுகிற மாறுதலைத்தான் அதனால் கற்றுக்கொள்ள முடிவதில்லை.

இந்த விவகாரத்தின் பூர்விகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் உலகத்தில் இரண்டு பெரிய வீடுகள் உண்டு. 1984-ல் வந்த மெக்கின்டாஷ் ஒன்று. 1985-ல் வந்த விண்டோஸ் மற்றொன்று. பின்னால் லினக்ஸ் என்று மூன்றாவது வீடும் எழும்பிற்று. வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. ஒரு வீட்டில் கட்டளை கொடுக்கும் விசை கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது; இன்னொன்றில் சுண்டுவிரல் மூலைக்குப் போய்த் தேட வேண்டும். ஒரு வீட்டில் மூடும் பொத்தான் இடப்பக்கத்து மூலையில், இன்னொன்றில் வலப்பக்கத்தில். 'ஓகே', 'கேன்சல்' என்ற இரட்டையர்கள் விண்டோஸில் ஓகே முன்னும் கேன்சல் பின்னுமாக நிற்பார்கள். மெக்கின்டாஷில் கேன்சல் முன்னே, ஓகே வலது ஓரத்தில். லினக்ஸ் வீட்டிலோ அண்ணன் தம்பிக்குள்ளேயே ஒற்றுமையில்லை: க்னோம் ஒரு முறை, கே.டி.இ. ஒரு முறை. 2011-ல் மெக்கின்டாஷ்காரர்கள் பக்கத்தை உருட்டும் திசையையே திருப்பினார்கள். விரலை மேலே தள்ளினால் பக்கமும் விரலோடு மேலே போகும் என்று.

எல்லா வீட்டிலும் ஓடக்கூடிய ஒரே மென்பொருளை எழுதிவிட வேண்டும் என்பது நிபுணர்களின் நெடுநாள் ஆசை. 1995-ல் 'ஒரு முறை எழுது, எங்கும் ஓட்டு' என்ற கோஷத்துடன் ஜாவா வந்தது. அதே வருஷம் நார்வேயில் ஹாவார்ட் நூர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இரண்டு நண்பர்கள் 'க்யூட்' என்ற கருவிப் பெட்டியை வெளியிட்டார்கள். 2013-ல் எலெக்ட்ரான் வந்தது. உள்ளே ஓர் இணைய உலாவியையே வைத்துக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே உடுப்பில் போய் நிற்கிற ஏற்பாடு.

இப்படி ஊர் ஊராகப் போகிற மென்பொருளுக்கு இரண்டு வழிகள் உண்டு. போன வீட்டு வழக்கத்தின்படி நடந்துகொள்ளலாம். அல்லது எங்கே போனாலும் தன் வழக்கத்தையே அனுசரிக்கலாம். இரண்டிலும் கௌரவம் இருக்கிறது. விருதுநகரில் பரோட்டா கேட்டால் எண்ணெயில் பொரித்து, மொறுமொறுவென்று கொண்டுவந்து வைப்பார்கள். மதுரையில் கேட்டால் கல்லில் போட்டுத் தட்டிய பரோட்டா வரும். மதுரைக்காரர் விருதுநகருக்கு வந்து, 'இது என்ன பரோட்டா?' என்று வழக்குப் போடுவதில்லை. ஊருக்கு ஊர் ருசி. ஆனால், ஒரே கடையில், ஒரே மேஜையில், வலப்பக்கம் கையை நீட்டினால் பரோட்டாவும் இடப்பக்கம் கையை நீட்டினால் பில்லும் வந்தால் நாம் என்ன செய்வோம்? பாதி வீட்டு வழக்கம், பாதி சொந்த வழக்கம் என்று நடக்கிற மென்பொருள் அந்தக் கடையைப் போலத்தான் இருக்கிறது. எந்தப் பாதி எப்போது வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இது ஏதோ எழுத்தாளனுடைய செல்லச் சிணுங்கல் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். சென்ற ஆண்டு ஆவணியில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு விழா மலரின் ப்ரூஃபைத் திருத்திக் கொடுப்பதற்காகச் சிவகாசியில் ஓர் அச்சாபீஸுக்குப் போயிருந்தேன். காலண்டர் வேலை நெருக்கிக்கொண்டிருந்த சமயம். குளிர்சாதன அறையில் நான்கு கம்ப்யூட்டர்கள். கடைசி மேஜையில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும் ஒரு பெண். பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். தினசரி காலண்டருக்கு மார்கழி மாதத்துத் தாள்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள். திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று ஒவ்வொரு தாளிலும் பொடிப்பொடியாக எத்தனையோ சங்கதிகள். பஞ்சாங்கத்தை ஒரு கண்ணும் திரையை ஒரு கண்ணும் பார்க்க, விரல்கள் ஓடிய ஓட்டத்தை நான் என் ப்ரூஃபை மறந்துவிட்டுக் கவனித்தேன்.

அவள் உபயோகித்த மென்பொருள் எல்லா வீடுகளிலும் ஓடக்கூடிய வகையைச் சேர்ந்தது. ஒரு கோப்பை மூடினால், 'மாறுதல்களைச் சேவ் செய்யட்டுமா?' என்று கேட்டு மூன்று பொத்தான்களை நீட்டும். முதல் பொத்தான் சேவ், அடுத்தது வேண்டாம், கடைசியில் கேன்சல். காலையிலிருந்து பத்துப் பதினைந்து கோப்புகளை இப்படி மூடியிருப்பாள். மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சாப்பிடப் போவதற்காக, மென்பொருளையே மொத்தமாக மூடினாள். அதே கேள்வி வந்தது. அதே வார்த்தைகள், அதே மூன்று பொத்தான்கள். ஆனால், இந்தத் தடவை முதல் பொத்தான் வேண்டாம். கடைசிப் பொத்தான் சேவ். கை பழகிய இடத்துக்குப் போயிற்று. மூன்று மணி நேரத்து மார்கழி மாதம் மறைந்துவிட்டது.

முதலாளி கெட்ட மனிதர் அல்ல. ஆனால், மறுநாள் பிளேட் போட்டாக வேண்டும்; ஆர்டர் கொடுத்தவர் போன் மேல் போன் செய்துகொண்டிருந்தார். "கண்ணு எங்கம்மா இருந்துச்சு? என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாக்க வேண்டாமா?" என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் பதில் பேசவில்லை. அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "எப்பவும் முதல் பொத்தான்தான் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், அந்த அச்சாபீஸின் பழைய ஃபோர்மன். எல்லோருக்கும் அண்ணாச்சி. ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்து, எழுபது வயதுக்கு மேலும் காகிதக் கட்டுகளை எண்ணிக்கொண்டு அங்கேயே இருக்கிறவர். நேரே முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். எழுத்தாளனுக்கு இந்த மாதிரி இடங்களில் வெட்கம் கிடையாது.

"மொதலாளி, ஒரு சமாச்சாரம். அந்தக் காலத்துல கேஸுல 'ந' இருக்க வேண்டிய அறையில 'ர' கெடந்துச்சுன்னு வையுங்க. எடுத்துக் கோத்தவனையா ஏசுவோம்? கம்போஸ் பண்ணினவன் அறையைப் பாத்தா எடுப்பான்? அதைப் பிரிச்சுப் போட்டான் பாருங்க, அவனைக் கூப்பிட்டுல்லா ஏசுவோம்" என்றார் அண்ணாச்சி.

அச்சடித்து முடிந்த பக்கத்தைக் கலைத்து, எழுத்துகளை மறுபடி அவையவற்றின் அறைகளில் போடுவது அந்தக் காலத்தில் தனி வேலை. அதில் ஓர் எழுத்து தவறான அறையில் விழுந்துவிட்டால் அடுத்த நாள் ப்ரூஃபில் வந்து பல்லிளிக்கும். பழியை யார் தலையில் போடுவது என்பதற்குச் சட்டப் புத்தகம் எதுவும் இல்லை. ஆனால், அச்சாபீஸுக்குள் ஒரு நியாயம் இருந்தது. பழகிய கை பழகிய இடத்துக்குப் போனது குற்றமாகாது. அந்த இடத்தில் வேறு ஒன்றைப் போட்டு வைத்ததுதான் குற்றம்.

முதலாளி கேட்டுக்கொண்டார், தலையையும் ஆட்டினார். ஆனால், பிரித்துப் போட்டவனைக் கூப்பிட்டு ஏசுவதற்கு அவன் எங்கே இருக்கிறான்? ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு கட்டடத்தின் பதினான்காவது மாடியில் காபி குடித்துக்கொண்டிருப்பான். ஆகவே, எட்டின தலையில் பழி நின்றுகொண்டது. அந்தப் பெண் ராத்திரி எட்டரை மணி வரைக்கும் உட்கார்ந்து மார்கழியை மறுபடி அடித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அந்த நேரத்துக்குச் சம்பளம் கணக்கில் ஏறவில்லை. பொத்தானை இடம் மாற்றி வைத்ததற்கான செலவை, அந்தச் சங்கிலியில் எல்லோரையும் விடக் குறைவாகச் சம்பாதிக்கிறவள் கொடுத்துத் தீர்த்தாள். இதுதான் என் புகாரின் சாரம்.

ஏன் இப்படி நேருகிறது என்று விஷயம் தெரிந்த ஓர் இளைஞரிடம் பிற்பாடு கேட்டேன். ஒரு கேள்விக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் தானே வரைந்து கொடுக்கும். இன்னொன்றை மென்பொருள் தன் கையால் வரைந்துகொள்ளும். முன்னது வீட்டு வழக்கம், பின்னது பிறந்த ஊர் வழக்கம். இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்களாகவும் இருக்கலாம். இடையில் ஐந்தாறு வருஷங்கள் ஓடியிருக்கவும் கூடும் என்றார். பொத்தான்களை அந்தந்த வீட்டு முறைப்படி தானாகவே அடுக்கித் தருகிற வசதி 'க்யூட்' போன்ற கருவிப் பெட்டியிலேயே இருக்கிறதாம். இருந்தும், எல்லோரும் எல்லா இடத்திலும் அதை உபயோகிப்பதில்லை. மருந்து கடையில் இருக்கிறது. வாங்கிச் சாப்பிட ஆள் இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேல் ஓர் உபத்திரவம் உண்டு. 'கோ' என்ற எழுத்தை அடித்துவிட்டு, அழிப்பதற்காகப் பேக்ஸ்பேஸ் விசையை ஒரு தடவை தட்டுங்கள். ஒரு மென்பொருளில் எழுத்து முழுவதும் போய்விடும். இன்னொன்றில் 'க' மிஞ்சும். எழுத்து எப்படி அடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்துச் சில சமயம் 'கே' மிஞ்சும். அதே எழுத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு டெலீட் விசையைத் தட்டினால் பெரும்பாலும் மொத்தமாக விழுங்கிவிடும். எங்கள் ஜில்லாவில் ஆண்டாள் பிறந்த ஊர் இருக்கிறது. 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று அடிக்காமல் எங்களுக்கு ஒரு நாளும் போகாது. அந்த 'ஸ்ரீ' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து; யூனிகோடுக்கு நான்கு துண்டுகள். சில இடங்களில் அதை அழிக்க நான்கு தடவை தட்ட வேண்டும். அம்புக்குறி விசையால் நகர்ந்தால், சிலவற்றில் குறி 'ஸ்ரீ'யைத் தாண்டிக் குதிக்கும். சிலவற்றில் அதன் வயிற்றுக்குள் போய் நிற்கும். போதாக்குறைக்கு, 2005-ல் யூனிகோடில் 'ஶ' என்ற எழுத்தும் சேர்ந்தது. அதை வைத்தும் 'ஸ்ரீ' அடிக்கலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், ஒன்றைக் கொடுத்துத் தேடச் சொன்னால் இன்னொன்றைக் கண்டுபிடிக்காமல் 'இல்லை' என்று கை விரிக்கிற மென்பொருள்கள் உண்டு. ஆண்டாள் கோவில் கோபுரத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, 'அப்படி ஓர் ஊரே கிடையாது' என்பதற்குக் கம்ப்யூட்டருக்குத்தான் துணிச்சல் வரும்.

பேக்ஸ்பேஸ் துண்டு துண்டாக அழிப்பதற்கும் ஒரு நியாயம் சொல்லுகிறார்கள். 'கோ' அடிக்கப் போய் 'கொ' அடித்துவிட்டவனுக்குக் குறியை மட்டும் அழித்துவிட்டு மாற்றிக்கொள்வது சௌகரியம்தானே? நியாயம்தான். முழு எழுத்தையும் அழிப்பதற்கும் நியாயம் உண்டு. எந்த நியாயமானாலும் எனக்குச் சம்மதம். கதை எழுதுகிற மென்பொருளில் ஒரு நியாயமும், கடிதம் எழுதுகிற மென்பொருளில் ஒரு நியாயமும், தேடுகிற கட்டத்தில் மூன்றாவது நியாயமும் இருப்பதுதான் சம்மதமில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறுகிற விசையும் இப்படித்தான். ஒன்றில் ஆல்ட் விசையோடு ஓர் எண். ஒன்றில் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசை. ஒன்றில் கன்ட்ரோலோடு இடைவெளி விசை. மாறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ஜன்னலில் தமிழுக்கு மாற்றினால் எல்லா ஜன்னலிலும் தமிழ் வருமா, அந்த ஜன்னலில் மட்டுமா என்பதும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேறு.

ஒரே விசை இப்போது ஒன்றும் பிறகு வேறொன்றும் செய்வது கூடாது என்று ஆயுள் முழுவதும் போராடிய ஒரு மனிதர் இருந்தார். லாரி டெஸ்லர் என்று பெயர், 2020-ல் காலமானார். 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். பிறகு ஆப்பிளில் வேலை பார்த்தார். ஓரிடத்தில் வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டுகிற வித்தையை நமக்குக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தைத் தட்டினால், இருக்கிற 'நிலை'யைப் பொறுத்து அது எழுத்தாக விழும், அல்லது கட்டளையாகிப் பக்கத்தையே அழித்துவிடும். இந்த 'நிலை'கள் ஒழிய வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே மந்திரம். தன்னுடைய காரின் நம்பர் பலகையில்கூட 'நிலைகள் வேண்டாம்' என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஒன்றைப் போட்டுக்கொண்டு சுற்றினாராம். கம்ப்யூட்டரை உபயோகிக்கத் தெரியாதவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்த்தே அவர் தம் மென்பொருளை அமைத்தார். முட்டாளுடைய கையாயிற்றே என்று அவர் அலட்சியம் செய்யவில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களுடைய கஷ்டமும் எனக்குத் தெரியாததல்ல. மூன்று வீட்டுக்கும் ஒருவனே சமைத்துப் போட வேண்டியிருக்கிறது. சம்பளம் வாங்காமல், ராத்திரி கண்விழித்து, உலகத்துக்கு இலவசமாக மென்பொருள் எழுதித் தருகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், அவர்களில் பலர் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம். தீப்பெட்டி ஒட்டிய கைகளும் பட்டாசுக்குத் திரி வைத்த கைகளும் படிக்க வைத்த பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். உரசும் பக்கம் எது, லேபிள் எது என்பதை அவர்களுக்கு வேறு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வண்ணத்தை மாற்றுங்கள், படத்தை மாற்றுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பெயரைக்கூட மாற்றிக்கொள்ளுங்கள். சேவ் என்ற பொத்தான் நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கட்டும். மாற்றித்தான் தீர வேண்டும் என்றால், எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்றுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் செய்தால் இன்னும் நல்லது. ரயிலுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு வாருங்கள். ஏதாவது ஓர் அச்சாபீஸில் ஆப்பரேட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஒரு நாள் முழுவதும் அந்தக் கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். வருவது ஆவணி மாதமாக இருந்தால் விசேஷம். காலண்டர் வேலை நெருக்கடியில் உங்களோடு பேசுவதற்கு யாருக்கும் நேரம் இருக்காது. பார்ப்பதற்கு நிறைய இருக்கும்.